புத்தகத்துக்குப் பிணை நிற்பவர்கள்

1984-ஆம் ஆண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னைக்கு வந்திருந்த நான், திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். என் அறைத்தோழர் ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில்வே அஞ்சல் பிரிவில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பணியில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரவுப் பணி முடிந்து அவர் அறைக்குத் திரும்பும் நேரத்தில் நான் நூலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பேன். நாங்கள் சேர்ந்தாற்போல் பேசிக்கொள்ளக் கிடைத்தது காலையில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான்.

அப்படியொரு காலையில், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில நாவல் ஒன்றை என்னிடம் நீட்டினார். "தம்பி, எகனாமிக்ஸ் படிக்கிறீங்கல்ல, இதப் படிங்க. இத எழுதுனவன் நம்ம ஆளு. ராத்திரி பூரா முழிச்சு லெட்டர் பிரிச்சவன்" என்றார்.

அந்த நாவல் 'போஸ்ட் ஆபீஸ்'. எழுதியவர் அமெரிக்கரான சார்லஸ் புக்கோவ்ஸ்கி. அவர் பெயரை நான் அதற்கு முன்னர்க் கேள்விப்பட்டதில்லை. எந்தப் பேராசிரியரும் எனக்கு அவரைப் பரிந்துரைத்ததில்லை. எந்த விளம்பரத்திலும் அவர் பெயரைக் கண்டதில்லை. என் அறைத்தோழரின் சொல் ஒன்றை மட்டுமே நம்பி அன்றிரவு படிக்க அமர்ந்தேன்.

புக்கோவ்ஸ்கி 1920-இல் ஜெர்மனியின் ஆண்டர்நாக் நகரில் பிறந்தவர். சிறு குழந்தையாக அமெரிக்கா சென்று, பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். தந்தையின் அடி, முகத்தையும் முதுகையும் சிதைத்த கடும் பருக்கள், 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் ஆகியவையே அவருடைய இளமைப் பருவம். 1950-களின் தொடக்கத்தில் கடிதம் வழங்கும் பணியாளராகச் சில ஆண்டுகள். 1958 முதல் 1969 வரை கடிதங்களைப் பிரிக்கும் எழுத்தராகப் பதினோரு ஆண்டுகள். இந்த வாழ்க்கையையே, ஹென்றி சினாஸ்கி என்னும் பாத்திரத்தின் பெயரில், நாவல் நாவலாக அவர் எழுதினார். 'போஸ்ட் ஆபீஸ்' 1971-இல் வெளிவந்தது. சிறுவயதைச் சொல்லும் 'ஹாம் ஆன் ரை' 1982-இல் வந்தது.

தொழிலாளர் பொருளியலைப் பின்னாளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் நான். ஊதிய விகிதம், வேலை நேரம், உற்பத்தித் திறன் ஆகியவற்றுக்கு எங்களிடம் வரைபடங்கள் உண்டு. ஆனால், கட்டாய மிகுநேரப் பணியில் பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்து, ஒரு தட்டுக் கடிதங்களை இத்தனை நிமிடத்துக்குள் பிரித்தாக வேண்டும் என்று மேற்பார்வையாளர் கணக்கெடுக்க, தெருப் பெயர்களையும் அஞ்சல் எண்களையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதி, தோள்வலியோடு வீடு திரும்புகிற மனிதனின் உடல் எந்த வரைபடத்திலும் இல்லை. அந்த உடலை எனக்குக் காட்டியது இந்த நாவல்தான். மறுநாள் காலை என் அறைத்தோழர் வந்து படுத்தபோது, அவருடைய வீங்கிய விரல்களை முதன்முறையாகக் கவனித்தேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. ஒரு நல்ல புத்தகம் தனக்குரிய வாசகரை எவ்வாறு சென்றடைகிறது?

பொருளியல் இதற்குப் பகுதி விடை வைத்திருக்கிறது. பிலிப் நெல்சன் என்னும் பொருளியலாளர் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பண்டங்களை இரண்டாகப் பிரித்தார். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். அதன் தரம் வாங்கும் முன்பே தெரியும். வேறு சில பண்டங்களின் தரமோ நுகர்ந்த பின்னரே தெரியும். இவற்றை 'அனுபவப் பண்டங்கள்' என்கிறோம். புத்தகம் இவ்வகையைச் சேர்ந்தது. படித்து முடிக்கும்வரை அதன் மதிப்பு தெரியாது. படித்து முடித்த பிறகோ, அதற்குச் செலவான பணமும் நேரமும் திரும்பி வாரா. ஆகவே, வாங்குபவருக்குப் பிறருடைய சொல் தேவைப்படுகிறது. விளம்பரம் அத்தகைய சொல்தான். ஆனால், அது விற்பவரின் சொல். படித்தவரின் சொல்லுக்கே பிணையின் மதிப்பு உண்டு. ஏனெனில், புத்தகம் மோசமாக இருந்தால் அவர் இழப்பது தம்முடைய நற்பெயரை.

இந்தப் பிணை இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு, புக்கோவ்ஸ்கியின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்த இன்னொரு எழுத்தாளரின் கதையே சான்று.

ஜான் ஃபான்டே 1909-இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். எழுத்தாளராகும் கனவோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்து, பங்கர் ஹில் பகுதியின் மலிவான விடுதி அறைகளில் வறுமையோடு வாழ்ந்தார். அந்த வாழ்க்கையை ஆர்ட்டுரோ பண்டினி என்னும் இளைஞனின் கதையாக 'ஆஸ்க் தி டஸ்ட்' நாவலில் எழுதினார். 1939-இல் ஸ்டாக்போல் சன்ஸ் பதிப்பகம் அதை வெளியிட்டது. அதே ஆண்டில், ஹிட்லரின் 'மெயின் காம்ப்' நூலை உரிமையின்றி வெளியிட்டதற்காக அப்பதிப்பகம் வழக்கில் சிக்கியது. நாவலை மக்களிடம் கொண்டுசெல்லச் செலவிட்டிருக்க வேண்டிய பணம் வழக்கில் கரைந்தது என்பதே ஃபான்டேயின் வாழ்க்கை வரலாற்றைப் பேசுவோர் சொல்லும் காரணம்.

நாவல் மெல்ல மறக்கப்பட்டது. ஃபான்டே குடும்பத்தைக் காப்பாற்றத் திரைக்கதைகள் எழுதினார். நல்ல ஊதியம் கிடைத்தது. நாவலாசிரியர் என்னும் பெயர் மங்கியது. நீரிழிவு நோய் 1978-இல் அவர் பார்வையைப் பறித்தது. பின்னர்க் கால்களையும் பறித்தது.

ஆனால், அந்த நாவலின் ஒரு பிரதி லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தின் அலமாரியில் இருந்தது. வேலையின்றித் திரிந்த இளம் புக்கோவ்ஸ்கி, மற்ற புத்தகங்கள் எவையும் தம் வாழ்க்கையைத் தொடவில்லை என்ற சலிப்போடு அந்த அலமாரிகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது அதைக் கண்டெடுத்தார். அதே நகரம், அதே வகை விடுதி அறை, அதே பசி. அன்று முதல் ஃபான்டே அவருக்கு ஆதர்சமானார்.

சுமார் நாற்பது ஆண்டுகள் அந்த மதிப்பு அவரிடமே தங்கியிருந்தது. 1978-இல் வெளிவந்த தம்முடைய 'விமன்' நாவலில், சினாஸ்கிக்குப் பிடித்த எழுத்தாளராக ஃபான்டேயின் பெயரைப் போகிறபோக்கில் எழுதினார். பதிப்பாளர் ஜான் மார்ட்டின் அந்தப் பெயரைக் கற்பனைப் பெயர் என்றே எண்ணினார். உண்மையான எழுத்தாளர், இந்த நகரத்துக்காரர் என்று அறிந்தவுடன் நாவலைத் தேடிப் படித்தார்; மறுபதிப்புச் செய்ய முடிவெடுத்தார். 1980-இல் புக்கோவ்ஸ்கியின் முன்னுரையோடு 'ஆஸ்க் தி டஸ்ட்' மீண்டும் வந்தது.

பார்வையிழந்து, மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த ஃபான்டேயைப் புக்கோவ்ஸ்கி நேரில் சென்று பார்த்தார். தம்மை ஒருவர் இத்தனை ஆண்டுகளாக மறக்காமல் இருந்திருக்கிறார் என்பதை அந்த முதியவர் உயிரோடிருக்கும்போதே அறிந்தார். அந்த நிலையிலும் மனைவி ஜாய்ஸிடம் சொல்லச் சொல்ல எழுதச் செய்து, 'ட்ரீம்ஸ் ஃப்ரம் பங்கர் ஹில்' என்னும் இன்னொரு நாவலை முடித்தார். அது 1982-இல் வெளிவந்தது. 1983 மே மாதம் அவர் மறைந்தார். 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம், அந்தப் பொது நூலகத்துக்கு அருகிலுள்ள தெருச் சந்திப்புக்கு 'ஜான் ஃபான்டே சதுக்கம்' என்று பெயரிட்டது. சந்தையும் பதிப்பகமும் கைவிட்ட ஒரு நாவலை, நூலகத்தில் இருந்த ஒரு பிரதியும் அதைப் படித்த ஒரு வாசகரும் காப்பாற்றினார்கள்.

புக்கோவ்ஸ்கியும் இதே வழியில் வந்தவர்தாம். பெரிய பதிப்பகங்கள் அவரைத் தேடி வரவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜான் வெப், லூயி வெப் என்னும் தம்பதி வறுமைக்கிடையே தம் கையால் அச்சுக்கோத்து 'தி அவுட்சைடர்' என்ற சிற்றிதழை நடத்தினர். 1963-இல் அவருடைய கவிதைத் தொகுப்பைக் கையால் அச்சிட்டு வெளியிட்டவர்கள் அவர்களே. ஜெர்மனியில் கார்ல் வைஸ்னர் என்னும் வாசகர், கடித நண்பராகத் தொடங்கி மொழிபெயர்ப்பாளராக மாறி, தாய்நாட்டை விட்டுச் சென்ற அந்தக் குழந்தையைப் பெரும் வாசகர் கூட்டத்தோடு அங்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். லாஸ் ஏஞ்சலஸின் 'ஓபன் சிட்டி' இதழில் அவர் எழுதிய பத்தியை அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யும் விடாமல் படித்துக் கோப்பில் சேர்த்தது. அரசு ஊழியர் இப்படி எழுதலாமா என்பது அவர்களுடைய கவலை! எழுத்தாளருக்கு எல்லா வகை வாசகர்களும் அமைகிறார்கள்.

இவர்களில் மிகப் பெரிய பிணை நின்றவர் ஜான் மார்ட்டின். அலுவலகப் பொருள்கள் விற்கும் நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்தவர். டி.எச். லாரன்ஸ் நூல்களின் முதற்பதிப்புகளை ஆசையோடு சேகரித்து வைத்திருந்தார். அந்தச் சேகரிப்பை விற்ற பணத்தைக் கொண்டு 1966-இல் 'பிளாக் ஸ்பாரோ பிரஸ்' பதிப்பகத்தைத் தொடங்கினார். அஞ்சல் பணியை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதினால், வாழ்நாள் முழுவதும் மாதம் 100 டாலர் தருவதாகப் புக்கோவ்ஸ்கிக்கு உறுதியளித்தார். வாடகை, உணவு, மகளுக்கான பராமரிப்புத் தொகை, பீர், சிகரெட் என்று இருவரும் கணக்குப் போட்டு வந்தடைந்த தொகை அது. 49 வயதில் புக்கோவ்ஸ்கி வேலையை விட்டார். நான்கு வாரங்களுக்குள் 'போஸ்ட் ஆபீஸ்' எழுதி முடிக்கப்பட்டது.

பொருளியலாளன் என்ற முறையில் இந்த ஒப்பந்தத்தை நான் வியந்திருக்கிறேன். எந்த வங்கியும் இந்தக் கடனுக்கு இசைந்திருக்காது. பிணையாக வைக்க அந்த மனிதரிடம் ஒன்றுமில்லை. மார்ட்டின் தம் ரசனையையே பிணையாக வைத்தார். 2002-இல் பதிப்பகத்தை மூடியபோது, புக்கோவ்ஸ்கி, ஃபான்டே, பால் பௌல்ஸ் ஆகிய மூவரின் நூல் உரிமைகளை ஒரு பெரிய பதிப்பகம் விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. எஞ்சிய நூல்கள் அனைத்தையும் மார்ட்டின் வேறொரு பதிப்பாளரிடம் ஒரே ஒரு டாலருக்கு ஒப்படைத்தார். சந்தை எதை மதிக்கும், எதை மதிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. மாதம் நூறு டாலர் கணக்குப் போட்ட நாளில் அந்த மூவரில் ஒருவரும் இந்த ஒரு டாலர் பக்கத்தில்தான் இருந்தார்.

இதுவரை சொன்னது வாசகரின் உற்சாகத்துக்குப் பெருமை சேர்க்கும் பகுதி. இனி, எனக்குப் பெருமை சேர்க்காத பகுதியையும் சொல்லியாக வேண்டும்.

நான் பணியிலிருந்த காலத்தில், முறைசாராத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருவரிடம் 'போஸ்ட் ஆபீஸ்' நாவலைக் கொடுத்தேன். என் அறைத்தோழர் எனக்குக் கொடுத்த அதே உற்சாகத்தோடு, "இதைப் படிக்காமல் வேலையைப் பற்றி எழுதாதீர்கள்" என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"வேலையைப் பத்தி எழுதுனதெல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் ஐயா. ஆனா, இதுல பெண்கள எப்படி எழுதியிருக்கார்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே? உங்களுக்குத் தெரியலையா, இல்ல சொல்ல வேண்டாம்னு நினைச்சீங்களா?"

நான் விடை சொல்லவில்லை. உண்மையான விடை இதுதான்: இருபத்தாறு வயதில் படித்தபோது எனக்குத் தெரியவில்லை, தெரிந்த பிறகு, சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன். பெண்ணொருத்தியைக் கதாநாயகன் வன்முறைக்கு உள்ளாக்குவதை வேடிக்கைபோலச் சொல்லிக் கடந்துசெல்லும் பக்கம் அந்த நாவலில் இருக்கிறது. வாழ்க்கையிலும் அப்படித்தான். பார்பெட் ஷ்ரோடர் எடுத்த நேர்காணல் படத்தில், பின்னாளில் தம் மனைவியான பெண்ணைப் புக்கோவ்ஸ்கி சினந்து உதைப்பது ஒளிப்பதிவுக் கருவியின் முன்னாலேயே நடக்கிறது.

நெல்சனின் கட்டுரை வந்த அதே 1970-இல், ஜார்ஜ் ஆகர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் வந்தது. பிற்காலத்தில் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வு அது. பழைய கார்களின் சந்தையில், காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. குறைகள் மறைக்கப்படும் சந்தையில் நம்பிக்கை சிதைகிறது. நல்ல காரையும் எவரும் நம்பி வாங்குவதில்லை என்று அவர் விளக்கினார். ஆண்டுதோறும் இதை வகுப்பில் நடத்தியவன், அதே மாணவியிடம் குறையை மறைத்து ஒரு பண்டத்தைக் கைமாற்றியிருந்தேன். என் சொல்லை நம்பிப் படித்தவர், அந்தப் பக்கத்தைத் தனியே, எவ்வித எச்சரிக்கையுமின்றி எதிர்கொண்டிருக்கிறார். பிணை நின்றவன் செய்யக்கூடாத காரியம் இது.

தன்வாழ்க்கையை ஒட்டி எழுதுகிற எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போது இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. அவர்களுடைய எழுத்தின் நேர்மை நம்மைக் கட்டிப்போடுகிறது. 'இவர் உண்மையைச் சொல்கிறார்' என்னும் வியப்பு, 'இவர் வாழ்ந்தது சரி' என்னும் ஒப்புதலாக நம்மை அறியாமலே மாறிவிடுகிறது. சினாஸ்கியின் குடியையும் சண்டையையும் வீரமாக எண்ணிப் பின்பற்ற முயன்ற இளைஞர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறுவது வேறொன்று: சினாஸ்கி வேறு, புக்கோவ்ஸ்கி வேறு. தட்டச்சுப் பொறியின் முன்னால் இரவுதோறும் அமர்ந்து, ஆயிரக்கணக்கான கவிதைகளையும் ஆறு நாவல்களையும் எழுதிய மனிதரின் உழைப்பு, சினாஸ்கியின் கதையில் மிகக் குறைவாகவே தென்படும். குடித்தவர்கள் பலர், எழுதியவர் ஒருவர்.

அந்த மாணவியிடம் சில நாள்கள் கழித்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு, தயக்கத்தோடு 'ஆஸ்க் தி டஸ்ட்' நாவலைக் கொடுத்தேன். இம்முறை சொல்லிக் கொடுத்தேன்: "இதிலும் கதாநாயகன் ஒரு பெண்ணைக் கேவலமாகப் பேசுகிறான். அவள் மெக்சிகோ வழிவந்தவள் என்பதற்காக இழிவுபடுத்துகிறான். படிக்கக் கடினமாக இருக்கும்." அவர் படித்துவிட்டு வந்து சொன்னதை நான் எந்தத் திறனாய்விலும் படித்ததில்லை. பண்டினி அவளை ஏசும் ஒவ்வொரு சொல்லும், இத்தாலியக் கொத்தனாரின் மகன் என்று சிறுவயதில் அவன்மீது எறியப்பட்ட ஏச்சுத்தான். அது அவனுக்கே தெரிந்திருக்கிறது. அதனால் அந்தப் புத்தகம் வெட்கப்படுகிறது. இந்தப் புத்தகம் வெட்கப்படவில்லை என்றார். இரண்டு நாவல்களுக்கும் உள்ள வேறுபாட்டை, இரண்டையும் கால் நூற்றாண்டாகப் பாராட்டிவந்த எனக்கு அவர்தாம் கற்பித்தார்.

அப்படியானால் 'போஸ்ட் ஆபீஸ்' நாவலைப் பரிந்துரைப்பதை நான் நிறுத்திவிட்டேனா? இல்லை. இன்று வீடுவீடாகப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞரின் கைப்பேசியில் ஓடும் நிமிடக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம், கடிதத் தட்டுக்கு நேரம் குறித்த அந்த மேற்பார்வையாளர் நினைவுக்கு வருகிறார். அந்த உழைப்பை உள்ளிருந்து சொன்ன புத்தகங்கள் மிகச் சில. அதை இழக்க நான் விரும்பவில்லை. ஆனால், இப்போது அதை எவருக்குக் கொடுத்தாலும் உள்ளே ஒரு தாள் வைத்துக் கொடுக்கிறேன். இந்தப் புத்தகம் எனக்கு என்ன செய்தது என்பது ஒரு பக்கம். எந்த இடத்தில் அது தவறுகிறது என்பது மறுபக்கம்.

'இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்' என்று கணினி இன்று நமக்குப் பட்டியல் தருகிறது. அது பயனற்றதன்று. ஆனால், அந்தப் பட்டியலிடம், "ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று எவரும் கேட்க முடியாது. அதற்கு இழக்க ஒரு பெயர் இல்லை. வாசகர் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் சொல்லின் மதிப்பு, அப்படிக் கேட்க முடியும் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே, உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரைப் பற்றி நண்பரிடம் தயங்காமல் பேசுங்கள். நூலகத்தின் அலமாரியில் ஒரு ஃபான்டே காத்திருக்கக்கூடும். பேசும்போது முழுவதையும் பேசுங்கள்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய அந்தப் பிரதி இன்னமும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில், கடித உறைகளில் முகவரி எழுதுவதுபோன்ற தெளிவான கையெழுத்தில், என் அறைத்தோழர் தம் பெயரை எழுதியிருக்கிறார். நான் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவர் பெயருக்குக் கீழே அண்மையில் என் பெயரையும் எழுதி, என் தாளை உள்ளே வைத்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த என் சகோதரி மகனுக்குக் கொடுத்துவிட்டேன். பிடிக்காவிட்டால் யாரிடம் வந்து கேட்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி ஓய்வு)